அடுத்த இரண்டு மைல்

என் கணவன் வெர்ன் மென்ற புகையிலைச் சாற்றைக் காலி சோடா பாட்டிலில் துப்பிக்கொண்டே காரை ஓட்டினான். பாட்டில் நிரம்பியதும் ஜன்னல் வழியே வீசினான். யூட்டா மாநிலத்தின் சிவப்புப் பாறையில் சாறு பழுப்பாக வழிந்தது.

"அங்க பாரேன், மலை உச்சியில பனி எப்படி மின்னுது" என்றான், அடுத்த பாட்டிலைத் திறந்தபடி.

"ரோட்டோரம் உன் பாட்டிலுங்க மின்னறதையும் பார்த்துக்கிட்டுதான் வரேன்."

"பாலைவனம்டி. பொறுக்கறதுக்குன்னே சில பைத்தியங்க இருக்கே. ரோட்டுல ரெண்டு மைலைச் சுத்தம் பண்றோம்னு தத்தெடுத்து, செத்தவங்க பேர்ல போர்டு வெச்சுக்கிட்டு."

"சனிக்கிழமை சனிக்கிழமை வந்து பொறுக்குவாங்க."

"உனக்கெப்படித் தெரியும்? சனிக்கிழமை நீ சர்ச்சுல பாட்டுப் பழகப் போயிடுவியே."

வளைவு திரும்பியதும் போன வாரம் நட்ட புதுப் பலகை தெரிந்தது. வெர்ன் வாய்விட்டுப் படித்தான்.

"அடுத்த இரண்டு மைல் தூய்மைப் பணி, வெர்ன் ஹாட்லி நினைவாக." பிரேக்கை மிதித்தான். "என் பேரு. நான் உயிரோடதானே இருக்கேன்?"

"பதினோரு வருஷமா உன் எச்சில் பாட்டிலைப் பொறுக்கறேன், வெர்ன். இந்த வருஷம் நெடுஞ்சாலைத் துறையில போர்டு தரோம்னாங்க. படிவத்துல இறந்தவர் பேருன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. யோசிக்கக்கூட இல்ல, எழுதிட்டேன்."