துபாய்க்கு ஒரு சுவர்

"எத்தினி வருஷமா கொத்து வேலை பாக்கறே?"

"பத்து வருஷம் சார்" என்றான் பஞ்சாட்சரம்.

பத்து நாள் என்பதுதான் உண்மை. பட்டுத் தறியிலேயே வளர்ந்தவன் அவன். ஓரிக்கை கொத்தனார் ஆதிகேசவனைக் கெஞ்சிக் கூத்தாடி, பத்து நாள் சாந்து பூசுகிற கரணையைப் பிடிக்கக் கற்றுக்கொண்டு, காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு லாட்ஜின் பின்பக்கம் துபாய்க்கு ஆள் எடுக்கிற இடத்தில் வந்து நிற்கிறான்.

பொய்தான். ஆனால் வீட்டில் இருப்பது ஒரே தறி. அண்ணன் குடும்பம், இவன் குடும்பம் இரண்டும் அதை நம்பித்தான் சாப்பிட வேண்டும். இந்த எழுபத்தாறாம் வருஷத்தில் துபாயில் கெடுபிடியே கிடையாதாம். கம்பெனி ஒரு லெட்டர் கொடுத்தால் பத்தே நாளில் விசா. பாரத்தில் பெயர், அப்பா பெயர், தொழில், அவ்வளவுதான்.

நடுவில் இந்தப் பரீட்சை ஒன்றுதான் தொல்லை. அதை வைப்பவர் பரசுராமன். கம்பெனி அனுப்பிய ஆள். கறுப்புக் கண்ணாடி, ஃபாரின் சென்ட்.

"நாலடி சுவர் ஒண்ணு கட்டு, பாக்கலாம்."

பஞ்சாட்சரம் மட்டத்துக்கு நூல் கட்டினான். மூன்று வரிசை செங்கல் ஒழுங்காகத்தான் ஏறியது. நாலாவதில் கரணையின் விளிம்பு பட்டு நூல் அறுந்துபோயிற்று.

கொத்தனாராக இருந்தால் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பான். பஞ்சாட்சரத்தின் கை அவனைக் கேட்காமலே நெற்றிக்குப் போனது. விபூதியைத் தொட்டது. அறுந்த இரண்டு முனைகளையும் விரலிடுக்கில் வைத்து முறுக்கியது. தறியில் இழை அறுந்தால் சாம்பல் தொட்டு இப்படித்தான் சேர்ப்பார்கள்.

பரசுராமன் கண்ணாடியைக் கழற்றினார். நூலைத் தடவிப் பார்த்தார்.

"கரணையைக் கீழ வை. நீ கொத்தனார் இல்ல."

"சார், அது வந்து..."

"ஃபெயில். பத்து வருஷம்னு கூசாம சொல்றே. நாளைக்கு அங்க போய் எதையாவது கட்டி வச்சா, யாரு உசுருக்கு யாருப்பா பதில் சொல்றது? மனுஷனுக்கு நேர்மை வேணும்."

வரிசையில் நின்ற நாற்பது பேருக்கும் கேட்கிற மாதிரி கால்மணி நேரம் நேர்மையைப் பற்றிப் பேசினார். பஞ்சாட்சரம் அவமானத்தில் குறுகிப் போனான்.

துணைக்கு வந்திருந்த ஆதிகேசவனுக்குப் பொறுக்கவில்லை.

"வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டுப் போறதுதானே? ஊரைக் கூட்டி மானத்தை வாங்கிக்கினு இருக்கான். இந்தாளு இன்னா அரிச்சந்திரனுக்கு அண்ணனா? வா, நம்ம போலாம்."

இருவரும் வாசலைத் தாண்டுமுன் பரசுராமன் கூப்பிட்டார். "ஏம்பா, நீ மட்டும் இங்க வா."

பாரத்தில் 'கொத்தனார்' என்பதை அடித்துவிட்டு, 'கம்பி கட்டுபவர்' என்று எழுதியிருந்தார்.

"கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி கம்பியோட கம்பியைச் சேத்து முறுக்கிக் கட்டணும். நாள் பூரா அதே வேலைதான். உன் விரலு மாதிரி விரலு அங்க ஒருத்தனுக்கும் இல்ல. ஒரு வாரத்துல கத்துக்குவே. கையெழுத்துப் போடு."

பஞ்சாட்சரத்துக்கு அழுகையே வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டான். அப்புறம்தான் சந்தேகம் எழுந்தது.

"சார், அத்தினி கொத்தனாரு பாத்துக்கினு இருந்தாங்க. ஒருத்தரும் கண்டுபிடிக்கல. நீங்க மட்டும் எப்படி சார்?"

பரசுராமன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"நானும் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரன்தான்பா. உன்னை மாதிரியே கொத்தனார்னு சொல்லி பாஸ் பண்ணிப் போனேன். நான் கட்டின மொத சுவரு மொதலாளி காரு மேல விழுந்துச்சு. 'இவன் இனிமே எதையும் கட்ட வேணாம், ஊருக்குப் போய் ஆள் எடுக்கட்டும்'னு அன்னைக்கே இந்த உத்தியோகத்தைக் குடுத்துட்டாங்க."