கை தட்டாத அண்ணி

அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. அண்ணி மட்டும் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. மேடையில் புகைப்படப் போட்டிக்கான பரிசு வாங்கிக்கொண்டிருப்பது அவளுடைய அண்ணன். பக்கத்தில் இருக்கும் இந்த அண்ணிக்குத் தாலி கட்டிய புருஷன். இரண்டு தட்டுத் தட்டினால் கை தேய்ந்தா போய்விடும்?

"அண்ணி, கொஞ்சம் கை தட்டுங்களேன். எல்லாரும் பாக்கறாங்க."

"நீ தட்டும்மா, போதும்."

பின் வரிசையிலிருந்து பெரியம்மா தங்கையின் காதைக் கடித்தாள். "புருஷன் பேர் வாங்கறது பொறுக்கல. நான் அப்பவே சொல்லல?"

தங்கைக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமாக, அண்ணியைப் பற்றி யார் என்ன சொன்னாலும் வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போனவள் அவள். இன்றைக்கென்று பார்த்து, சொந்தபந்தம் மொத்தமும் வந்திருக்கிறது. பொறாமைக்காரி என்று ஒரு தடவை பேர் விழுந்துவிட்டால் அப்புறம் அழிக்க முடியுமா?

மேடைத் திரையில் ஒரு கொசு, ஆள் உயரத்துக்கு நின்றது. காலில் இருக்கும் முடியைக்கூட எண்ணிவிடலாம். வயிறு சிவந்து உப்பியிருந்தது.

"எப்படி சார் இவ்வளவு தெளிவா?" என்று அறிவிப்பாளர் ஒலிபெருக்கியை நீட்டினார்.

"இது ஒரு படம் இல்லைங்க, எண்பது படம்," என்றான் அண்ணன். "அவ்வளவு கிட்டத்துல போனா ஒரு மயிரிழைதான் தெளிவா விழும். ஒண்ணுல கண்ணு, அடுத்ததுல ஊசி, அதுக்கடுத்ததுல கால். மத்ததெல்லாம் மங்கல். எண்பதையும் சாஃப்ட்வேர்ல அடுக்கி, தெளிவா இருக்கிற இடத்தை மட்டும் சேர்த்தா, இப்படிப் பளிச்சுன்னு வரும்."

"நடுவுல அசைஞ்சுட்டா?"

"போச்சு! கொசுவுக்குப் பதினெட்டுக் கால் முளைச்சிடும்."

அரங்கம் சிரித்தது. தங்கையும் சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை.

"அதெப்படி சார் கொசு அசையாம நின்னுச்சு?"

"ரத்தம் குடிக்கறப்ப அது நகராது. அந்த ரெண்டு நிமிஷத்துக்குள்ள எண்பதும் எடுத்தாகணும். கேமராவைத் திருகறதுக்கே ரெண்டு கை பத்தாது."

"ரத்தத்தையே குடுத்திருக்கீங்களே சார்!"

அண்ணன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நெஞ்சில் கை வைத்துத் தலையைக் குனிந்தான். "கலைன்னா சும்மாவா?"

கைத்தட்டலில் கூரை பறந்தது. தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கையோடு ஒரு சந்தேகமும் வந்தது. இரண்டு கையும் கேமராவில் இருந்தால், கொசு எங்கே உட்கார்ந்தது? ஒருவேளை காலில் கடிக்க விட்டிருப்பானோ? யோசிக்க யோசிக்கத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"இந்த வெற்றிக்குத் துணை நின்ற அவருடைய மனைவியையும் மேடைக்கு அழைக்கிறோம்!"

அண்ணி தலையை ஆட்டி மறுத்தாள்.

"போங்க அண்ணி! கூப்பிடறாங்கல்ல?"

"வேண்டாம்மா, நான் வரல."

பின்னால் பெரியம்மா 'உச்'சுக் கொட்டினாள். தங்கைக்கு வந்ததே கோபம்! "உங்களுக்காக நான் எத்தனை பேரோட சண்டை போட்டிருக்கேன்? இப்படி மானத்தை வாங்கறீங்களே!" என்று சால்வையோடு சேர்த்து அண்ணியின் வலது கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஆ!"

சால்வை நழுவியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கை வீங்கிக் கிடந்தது. இடமே இல்லாமல் சிவப்புத் தடிப்புகள். சில இடத்தில் சீழ் கோத்திருந்தது.

"என்ன அண்ணி இது?" தங்கை பதறிப்போய்க் கையை விட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா, மூடு. யாராச்சும் பாத்துடப் போறாங்க."

"கொசுவா?"

"ஒரே கொசு உக்காந்து முழுசாக் குடிக்கணுமே. பாதியில பறந்துட்டா அடுத்த கொசு. நான் பெருமூச்சு விட்டாக்கூட படம் ரெட்டையா விழுந்துடுமாம். மறுபடி மொதல்லருந்து. நேத்து போட்டிக்குப் படத்தைக் குடுக்கற வரைக்கும், ஒரு வாரமா இதே கதைதான்." அண்ணி ஒற்றைக் கையால் சால்வையை மேலே இழுத்தாள். "கை தட்டணும்னு ஆசைதான். விரலை மடக்க முடியல."

"அண்ணன் தன் கையை நீட்ட வேண்டியதுதானே?"

"ஐயோ, அவருக்குக் கொசுக்கடி ஒத்துக்காதே! உடனே தடிச்சுப் போயிடும்," என்றாள் அண்ணி.

தங்கை அண்ணியின் முகத்தையே பார்த்தாள். கேலியாகச் சொல்கிறாளா, மனசாரச் சொல்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"மேடைக்கு வந்தா கையைப் பாத்துடுவாங்க. அப்புறம் அவரைத்தானே தப்பாப் பேசுவாங்க? என்னைப் பேசினாப் பேசிட்டுப் போகட்டும்."

மேடையில் அறிவிப்பாளர் கடைசிக் கேள்விக்கு வந்திருந்தார். "அடுத்த படம் என்ன சார்?"

"அட்டை," என்றான் அண்ணன் உற்சாகமாக. "அது ரத்தம் உறிஞ்சறதை இன்னும் கிட்டத்துல எடுக்கப் போறேன். இந்தத் தடவை எரநூறு படம்!"

மறுபடியும் அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. அண்ணி தன் இடது கையையும் மெல்லச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

தங்கை கை தட்டவில்லை. நாற்காலி மேல் ஏறி நின்று, மேடைக்குக் கேட்கும்படி கத்தினாள்.

"அண்ணா! அட்டையாவது உன் கையில உக்காருமா, இல்ல அதுவும் அண்ணி கையிலதானா?"