தள்ளி நின்ற புள்ளி

ஒரு டம்ளர் காபி எப்படி ஆறுகிறது என்று நிமிடத்துக்கு நிமிடம் அளந்து, யாரோ கணினியில் புள்ளிகளாக வைத்திருந்தார்கள். அந்தப் புள்ளிகளை ஒட்டி அழகாக இறங்க வேண்டியது வளைகோட்டின் வேலை. அது எவ்வளவு பிசகுகிறது என்று கணக்குப் பார்த்துச் சொல்வது ஒரு மென்பொருள்.

வளைகோடு நன்றாகத்தான் இறங்கியது. "இப்படியே இரு, சரியா இருக்கு" என்றன பக்கத்துப் புள்ளிகள். ஒரே ஒரு புள்ளி மட்டும் உயரத்தில் தனியாக நின்றது.

"பிழை அதிகமா இருக்கு" என்றது மென்பொருள்.

"ஒண்ணே ஒண்ணுதானே தள்ளி நிக்குது?" என்றது வளைகோடு.

"தள்ளி நிக்கறதுக்குத்தான் என் கணக்குல மதிப்பு அதிகம். ரெண்டு மடங்கு தள்ளி நின்னா நாலு மடங்கு பிழை."

வளைகோடு அந்தப் புள்ளியை அண்ணாந்து பார்த்தது. அந்தப் புள்ளிக்கு என்ன குறையோ, என்ன கோபமோ! உடம்பைத் தூக்கி மேலே எக்கியது. "எங்களை விட்டுட்டுப் போறியே" என்று கீழே இருந்தவை முனகின. திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் எக்கியது.

"போதும். இதுக்கு மேல பிழை குறையாது. இனி அசையாதே" என்று சொல்லிவிட்டு மென்பொருள் வேலையை முடித்துக்கொண்டது.

எக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்ட வளைகோடு, மூச்சு வாங்க அந்தப் புள்ளியிடம் கேட்டது: "உனக்காகத்தான் இவ்வளவும். இப்பவாவது திருப்தியா?"

புள்ளி திருதிருவென்று விழித்தது.

"நான் உன்னைக் கூப்பிடவே இல்லையே! தெர்மாமீட்டரை அவசரத்துல மாத்தி வச்சுட்டாங்க. நான் பக்கத்து டம்ளர்."