கோடு கிழித்த கொடுக்கு

சங்குக்குள் வாழும் நண்டுகள் வீடு மாற்றும்போது வரிசையில் நிற்கும். பெரியது விற்ற சங்குக்கு நடுத்தரம் போகும், நடுத்தரத்தின் சங்குக்குச் சின்னது போகும். மணலில் கொடுக்கால் கோடு கிழித்துவிட்டால் பேச்சு முடிந்தது.

"தம்பி, நான் கிழிச்ச கோட்டை அழிச்சிடு. நான் வீட்டைத் தரலை. அச்சாரமா வாங்கின இறால் தலையைத் திருப்பித் தந்துடறேன்," என்றது பெரிய நண்டு. அது தனக்கென்று பார்த்து வைத்த புதுச் சங்கு பக்கத்தில் காலியாகக் கிடந்தது.

நடு நண்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணே, என் வீட்டுல சின்னவன் குடியேறிட்டான். நான் வெறும் உடம்போட நிக்கிறேன்!"

"பழகின வீட்டை விட மனசு வரலை."

"இடம் போதலைன்னு நீங்கதானே விற்க வந்தீங்க?"

"அது நேத்து."

மணல்மேல் ஒரு பருந்தின் நிழல் வட்டமிட்டது.

"அண்ணே, சீக்கிரம் வெளியே வாங்க!"

பெரிய நண்டு இன்னும் உள்ளே சுருண்டது. நிழல் பெரிதாகிக்கொண்டே வந்தது. நடு நண்டு ஒரே ஓட்டமாக ஓடிப் புதுச் சங்குக்குள் விழுந்தது. தொளதொளவென்று இருந்தாலும் முழுதாக மறைந்துகொண்டது.

பெரிய நண்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தன்னை இறுக்கி இழுத்தது. உடம்பெல்லாம் உள்ளே போய்விட்டது. கோடு கிழித்த கொடுக்கு மட்டும் வெளியே நின்றது.