கொடியில் ஐந்து சட்டைகள்

ஜேசிபி தெருமுனையில் திரும்பியபோது பேபி ஐந்தாவது சட்டையைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தாள்.

போன மழையில் அவள் வீட்டு முன்னறை ஓடுகள் சரிந்துவிட்டன. அதிலிருந்து அவளும் மகளும் படுப்பது குத்தம்பாக்கத்தில், அக்கா வீட்டில். பூந்தமல்லியில் பூட்டிக் கிடந்த வீட்டைச் சுற்றி எருக்கஞ்செடி மண்டியது.

எதிர் அடுக்குமாடிக்காரர்கள் நகராட்சிக்குப் புகார் எழுதினார்கள். பாம்பு, கொசு, தெருவுக்கே அசிங்கம். கார் நிறுத்த அந்த இடத்தை விலைக்குக் கேட்டு இரண்டு முறை ஆள் அனுப்பியவர்களும் அவர்கள்தான்.

ஆள் குடியிருந்தால் நோட்டீஸைக் கையில் கொடுத்து, பழுது பார்க்க அவகாசம் தரவேண்டும். ஆளில்லை என்றால் கதவில் ஒட்டியதே போதும். இன்றே இடிக்கலாம்.

கதவில் ஒட்டியிருந்ததைக் காலையிலேயே கிழித்து அடுப்பு பற்றவைத்திருந்தாள் பேபி.

நகராட்சி அதிகாரி உதயகுமார் பைக்கிலிருந்து இறங்கினார்.

“ஏம்மா, இது காலி வீடுன்னுதானே புகார்?”

“நீயே பாரு சார். அஞ்சு ஆம்பள சட்டை கொடில கீது. காலி ஊட்ல பேயா சார் தொவச்சிப் போடும்?”

ஜேசிபி ஓட்டுநர் சிரித்துவிட்டார்.

சட்டைகளில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து புகையோடு சோற்றுக் கஞ்சி வாசம் வந்தது. உதயகுமார் மூக்கை உறிஞ்சினார்.

எதிரே மூன்றாவது மாடி பால்கனியில், குடியிருப்போர் சங்கச் செயலாளர் கோகுல்நாத் வெறும் பனியனோடு நின்று கத்தினார்.

“பொய் சார்! அங்க யாருமே இல்ல!”

“சோறு வடிச்சிருக்காங்க சார்” என்றார் உதயகுமார், அண்ணாந்து பார்க்காமலே.

நோட்டீஸை அவள் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். ஒரு மாதத்துக்குள் கூரையைச் சரிசெய்ய வேண்டும், செடிகளை வெட்ட வேண்டும். பைக் கிளம்பியது. ஜேசிபி பீப் பீப் என்று பின்பக்கமாகவே நகர்ந்து தெருவை விட்டு வெளியேறியது.

கோகுல்நாத் இன்னும் பால்கனியில்தான் நின்றார்.

பேபி நீலக் கட்டம் போட்ட சட்டையின் காலரை விரலால் நீவிப் பார்த்தாள். காய்ந்தால் விறைப்பாக நிற்கும். பிறகு தலையைத் தூக்கி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

“உன் சட்ட அஞ்சுக்கும் கஞ்சி போட்டாச்சு சார். சாய்ங்காலம் இஸ்திரி போட்டு எட்த்தாறேன்.”