பிரிக்காத இன்ஜின்

மூன்றாவது கம்பியும் வளைந்திருப்பதைப் பார்த்தபோது மெக்கானிக்குக்கு நெஞ்சுக்குள் ஜில்லென்று இருந்தது.

நாலு பிஸ்டன், ஒவ்வொன்றையும் தள்ளுகிற நாலு இரும்புக் கம்பி. தண்ணீருக்குள் போய் நின்ற இன்ஜினில் ஒன்று வளையும். அதோடு விட்டிருந்தால் தேறியிருக்கும். மூன்று வளைய வேண்டுமென்றால் நின்ற வண்டியைத் திரும்பத் திரும்பக் கிளப்பியிருக்க வேண்டும்.

அப்படிக் கிளப்பிய ஆள் எதிரே முக்காலியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடைக்காரர். மெக்கானிக் ஒரு காலத்தில் விரும்பியவளுடைய கணவர்.

பக்கத்தில் இருக்கிற பட்டறை இதுதான் என்று இழுவை வண்டிக்காரன் நேற்று காரை இங்கே இறக்கிவிட்டுப் போயிருந்தான். மெக்கானிக் யார் என்று கடைக்காரருக்குத் தெரியாது. மெக்கானிக்குக்கு அவரை நன்றாகத் தெரியும். அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் அந்த வெள்ளைச் சட்டையையும் அழுக்குப் படாத விரல்களையும் பார்த்து வயிறு எரிந்தவன்.

"நின்னதுக்கப்புறம் எத்தனை தடவை செல்ஃப் அடிச்சீங்க சார்?"

"அஞ்சாறு இருக்கும். ஒவ்வொரு தடவையும் கிளம்பிப் பத்தடி போச்சுங்க. சரி, கரையேறிடும்னு நெனச்சேன்."

"ஊருக்கெல்லாம் கண்ணாடி விக்கிறீங்க. எதிர்ல நின்ன தண்ணி தெரியலையா?"

"நல்லாத் தெரிஞ்சுது," என்றார் அவர். "வீட்டுக்காரி அந்தப் பக்கம் நின்னுட்டிருந்தா."

அவசரம் எதுவும் இல்லையாம். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதைக்கு அப்பால் பேருந்து நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தாள், அவ்வளவுதான். ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் தண்ணீர் வடிந்திருக்கும்.

முட்டாள், என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான் மெக்கானிக். அந்தச் சொல் தித்தித்தது. அவள் வந்து இதைப் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்து வந்தாள். குடையை உதறி வாசலில் சாய்த்தாள். பட்டறைக்காரன் யார் என்று தெரிந்ததும் ஒரு கணம் தயங்கினாள். பிறகு லேசாகச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் அவனுடைய சொத்து.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், பதிவு அலுவலகத்துக்குப் போவதற்காகக் கையில் ஒரு பையோடு அவனுக்காகக் காத்து நின்றவள் அவள். அவன் வரவில்லை. ஏன் வர முடியாமல் போனது என்று மறுநாள் சொன்னான். அழுதாள், நம்பினாள். அதற்குள் விஷயம் வீட்டுக்குத் தெரிந்து, அவசர அவசரமாக வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார்கள். கோபமில்லாத பிரிவு. எங்காவது எதிர்ப்பட்டால் இன்றைக்கும் அவள் அப்படித்தான் சிரிப்பாள், பாவம், நீ என்ன செய்வாய் என்பது போல.

அந்தச் சிரிப்பு இருக்கும்வரை கடைக்காரர் இரண்டாவது ஆள்தான்.

"திட்டறதா இருந்தா வீட்ல போய் வெச்சுக்க," என்றார் கடைக்காரர் அவளிடம். "இங்க இவரே ஒரு ரவுண்டு முடிச்சிட்டார்."

மெக்கானிக் வளைந்த கம்பி ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தான். இரும்பு, கரும்புச் சக்கை மாதிரி மடங்கிக் கிடந்தது.

"உள்ள தண்ணி போயிடுச்சுன்னா இதாங்க கதி. இன்ஜினை முழுசாப் பிரிச்சே ஆகணும். பிரிக்காம ஒரு அடி நகராது."

அவள் கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டவில்லை. எதையோ எடை போடுகிற மாதிரி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் தெரிந்தது கோபமில்லை என்று புரிந்ததும் அவனுக்குத் தாங்கவில்லை.

"ஓட்டத் தெரியணும் சார்," என்றான், குரலை உயர்த்தி. வாசலுக்குப் போய்த் தன் பழைய வேனின் முன் மூடியைத் தூக்கினான். "வாங்க, வந்து பாருங்க. பதினஞ்சு வருஷமா இந்த ஒரே வேன்தான் வெச்சிருக்கேன். இன்னி வரைக்கும் இன்ஜின்ல கை வெச்சதில்ல. ஒரு தடவை கழட்டினாலும் போல்ட்டுல கம்பெனி போட்ட மஞ்சக் கோடு விலகிடும், அது கூட அப்படியே இருக்கு பாருங்க."

"அட, ஆமா!" என்றார் கடைக்காரர். குனிந்து பார்த்து உண்மையாகவே வியந்தார். அவர் போன் அடித்தது. இன்சூரன்ஸ்காரர்கள். பேசிக்கொண்டே தெருவோரம் தள்ளிப் போனார். தூறல் அவர் தோளில் விழுந்தது.

அவள் வேனுக்கு அருகில் வந்தாள். போல்ட்டுகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மஞ்சள் கோடு, துளி விலகாமல்.

"அன்னைக்கு சுரங்கப்பாதைத் தண்ணியில மாட்டி இன்ஜினே போயிடுச்சுன்னு சொன்னீங்களே," என்று மெதுவாகக் கேட்டாள். "அது இந்த வேன்தானே?"

மெக்கானிக் மூடியைத் தாங்கிப் பிடித்தபடி நின்றான்.

அன்று சுரங்கப்பாதையில் இறங்கியிருந்தால் தண்ணீர் வண்டியின் விளக்குக்கு மேலே வந்திருக்கும். ஓரத்தில் நிறுத்திக் கண்ணால் அளந்தான். பிறகு பின்னால் எடுத்துத் திருப்பினான். வேலை தெரிந்த எவனும் அதைத்தான் செய்வான்.

பதிலுக்காக அவள் காத்திருக்கவில்லை.

"இதை நான் எடுத்துக்கறேன்," என்றாள். வளைந்த கம்பியைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். குடையை விரித்துக்கொண்டு கணவரிடம் போனாள். குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தாள். மற்றொரு கையை அவர் முதுகில் வைத்தாள்.

அவர் போனில் பேசிக்கொண்டே இருந்தார்.

கையை எடுத்தபோது வெள்ளைச் சட்டையில் ஐந்து விரல்களின் கிரீஸ் தடம் இருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.