முதல் சீன் செருப்பு

நாடகத்துல முதல் சீன்லயே மந்தாகினி, பொண்ணு பாக்க வந்தவன் மேல இடது செருப்பை விட்டெறிஞ்சா பாருங்க, செருப்புக்கு ஒரே குஷி!

கல்யாண சீன்ல ரெண்டு செருப்பையும் வாசல்ல கழட்டி விட்டா. அவ்வளவுதான். புருசன் நில்லுன்னா நின்னா, சிரின்னா சிரிச்சா. இடது செருப்புக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"அக்கா, இது நம்ம மந்தாகினியா? இனிமே நான் பறக்கவே மாட்டேனா?"

"அவ அடங்கிட்டாடி"ன்னுச்சு வலது செருப்பு.

கடைசி சீன்ல அதே வாசல்ல மந்தாகினி புருசன் கால்ல விழுந்தா. சனம் எழுந்து நின்னு கைதட்டுச்சு. அப்போ முந்தானைக்கு அடியில அவ கை மெதுவா நகந்து வந்து இடது செருப்பைப் புடிச்சுது.

"ஐயையோ அக்கா! முதல் சீன்ல புடிச்ச அதே புடி!"

"கத்தாதடி. அவங்க கைதட்டி முடிக்கட்டும்."